பொத்தான் எந்தப் பக்கம்

மொந்தேவிதேயோவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை.
ஜூலை. ஆற்றிலிருந்து வரும் காற்று காது மடலை அறுக்கிறது.
கதவுக் குமிழ்களுக்கும் துருப்பிடித்த சாவிகளுக்கும் நடுவே
ஒரு பிஸ்கட் டப்பா நிறைய
பெயர் தொலைந்தவர்களின் புகைப்படங்கள்.
மூன்று எடுத்தால் ஐம்பது பேசோ.

நாங்கள் முகங்களைப் பார்ப்பதில்லை,
முகங்களுக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்கிறோம்.
ஏபெர் எட்செவெரி கார்த் தகரம் தட்டி நிமிர்த்துகிறவன்.
மட்கார்டின் வளைவை விரலால் காற்றில் வரைந்து
எந்த ஆண்டு என்று சொல்லிவிடுவான்.
நான் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவன்,
இருட்டு மூலையில் சின்ன எண்களைப் படித்துப் பழகிய கண்.
ஒலிந்தா தையல்காரி. கார் ஓட்டத் தெரியாது.
அவள் எதற்காக வருகிறாள் என்று
இன்றுவரை நாங்கள் கேட்டதில்லை.

இன்றைய படத்தில் ஒரு பெண்
காரை மறைத்துக்கொண்டு நின்று சிரிக்கிறாள்.
நம்பர் பிளேட் அவள் முழங்காலுக்குப் பின்னால்.
கிரில்லின் உச்சியில் இருந்த சின்னம்
தண்ணீரில் விழுந்த மைபோல் கலங்கியிருந்தது.
"கை நடுங்கிக் கழுதை!"
படம் எடுத்தவனை ஏபெர் திட்டினான்.

ஹட்சன் என்றேன் நான்.
அவன் பதில் சொல்லவில்லை.
லென்ஸை நகர்த்தி நகர்த்திப் பக்கவாட்டில் நிறுத்தினான்.
முன்கதவின் கைப்பிடியும் பின்கதவின் கைப்பிடியும்
ரகசியம் பேசுவதுபோல் அருகருகே.
பின்கதவு ஒரு விரல்கடை திறந்திருக்கிறது,
அந்த இடைவெளியில் இருக்கவேண்டிய தூண் இல்லை.
"லான்சியா அப்ரிலியா" என்றான்,
கோயிலில் பேசுகிற குரலில்.

ஆனால் ஸ்டியரிங்?
போர் முடிந்த ஆண்டில்தான்
எங்கள் நாடே சாலையின் பக்கம் மாறியது.
வளையம் எந்தப் பக்கம் என்பது
எங்களுக்குப் பாதி ஜாதகம்.
லான்சியாக்காரர்களோ யார் எப்படி ஓட்டினாலும்
வலப்பக்கமே வைத்துப் பழகியவர்கள்.
படத்தில் அது இடப்பக்கம் இருந்தது.
ஏபெரின் முகம் பஞ்சரானது.

அப்போதுதான் ஒலிந்தா கை நீட்டினாள்.
காரை அவள் பார்க்கவே இல்லை.
"பொத்தானைப் பாருங்கள்" என்றாள்.
"பெண்கள் கோட்டில் வலது இடதின்மேல் வரும்.
இது தலைகீழ்.
நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சடித்திருக்கிறார்கள்."

திருப்பினால் ஸ்டியரிங் வலப்பக்கம் போகும்!
ஏபெர் அவளைக் கட்டிப்பிடித்து
பென்சிலைத் தேடிப் பையெல்லாம் தட்டினான்.
படத்தின் முதுகில் 'லான்சியா' வரை எழுதிவிட்டான்.

"அல்லது" என்றாள் ஒலிந்தா.

அல்லது அது ஆணின் கோட்டு.
தோள் தையல் புஜத்தில் இறங்கிக் கிடக்கிறது,
கைநுனிகள் விரல்களை விழுங்கிவிட்டன.
அப்படியானால் படம் நேர்.
அப்படியானால் வளையம் இடப்பக்கம்தான்,
கார் என்னவென்று எங்களுக்குத் தெரியாது.
இடப்பக்க ஸ்டியரிங்கோடு சில அப்ரிலியா
செய்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான் ஏபெர்.
கண்ணால் கண்டதில்லை.

ஒரு காரின் பெயர்
யாருடைய கோட்டு என்பதில் தொங்கிக்கொண்டு நின்றது.
கடைக்காரன் அவசரப்படுத்தினான்.
காற்றில் படம் படபடத்தது,
நான் இரண்டு கையாலும் பிடித்தேன்,
என் கையும் நடுங்கியது.

ஏபெர், அந்த ஆளைத் திட்டாதே என்றேன்.
அவள் பின்னால் பார், மரத்தில் ஓர் இலை இல்லை.
கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
வெறும் சட்டையோடு நின்று
கேமராவைப் பிடித்திருக்கிறான்.

ஒலிந்தா ஐம்பது பேசோவை எண்ணிக் கொடுத்தாள்.
மற்ற இரண்டு படங்களை எடுக்கவில்லை.